கணவர் இல்லை, குழந்தை இல்லை, பொழுதுபோக்கு நீச்சல்

"சிஸ்டர், உங்களுக்குப் புருஷன் இருக்காரா இல்லையாங்கறது இல்ல என் கேள்வி—"

"இருக்காரு சார். பஸ்ல கண்டக்டரா—"

"—பரீட்சைல இருக்காரான்னு கேக்கறேன்."

"பரீட்சைக்கு அவர் எதுக்கு சார் வரணும்? எழுதப் போறது நான்தானே?"

"அதைத்தானே நானும் தொண்டை கிழியச் சொல்றேன்! வர வேண்டாம். அப்புறம் எதுக்கு அவரை வாயில வெச்சுக்கிட்டு—"

"கல்யாணம் ஆயிடுச்சான்னு கேட்டா ஆயிடுச்சுன்னுதானே சார் சொல்லணும்?"

"சொன்னீங்க, போச்சு. என்ன வேலை பாக்கறாருன்னு அடுத்த கேள்வி வரும். கண்டக்டருக்கு ஜெர்மன்ல என்னன்னு தெரியுமா?"

"தெரியாது சார்."

"எனக்கும் தெரியாது. பாத்தீங்களா? ஒரு புருஷனால எத்தனை பேருக்கு அவமானம்!"

இந்தப் பேச்சு நடந்தது ஒரு செருப்புக் கடையின் மாடியில், ஜெர்மன் மொழிப் பயிற்சி நிலையத்தின் இயக்குநர் அறையில். நிலையம் பள்ளிக்கூடமும் இல்லை, கல்லூரியும் இல்லை. "அதனாலதான் இங்க படிப்பு நடக்குது" என்பார் இயக்குநர். அவர் ஜெர்மனிக்குப் போனதில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு, "நானும் போயிட்டா உங்களை யாரு அனுப்பறது?" என்று பதில் வைத்திருந்தார்.

எதிரே உட்கார்ந்திருந்தவள் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் சிறுநீரகப் பிரிவு நர்ஸ். ஜெர்மனியில் ஒரு ஆஸ்பத்திரி அவளை எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தது. மொழித் தேர்வை நிலை நிலையாகத் தாண்டினால் முதலில் அவள் போகலாம். வேலையில் கால் ஊன்றியதும் கணவரையும் மகளையும் வரவழைத்துக்கொள்ளலாம். இப்போது அவளுக்கும் ஷிப்ட், அவருக்கும் ஷிப்ட். மூன்று பேரும் ஒன்றாகச் சாப்பிட உட்கார்ந்தால் அது விசேஷம். அங்கே போனால் தினமும் உட்காரலாம் என்று மூன்று பேரும் நம்பினார்கள். ஆக, குடும்பத்தோடு இருப்பதற்காகத்தான் அவள் ஜெர்மன் படிக்க வந்தாள். அந்தக் குடும்பத்தை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வரச் சொன்னார் இயக்குநர்.

"சும்மா கொஞ்ச நேரம் சிஸ்டர். உள்ள போறீங்க, புருஷன் இல்லங்கறீங்க. வெளிய வர்றீங்க, புருஷன் நிக்கறாரு. யாருக்கு என்ன நஷ்டம்?"

"பொய் ஆச்சே சார்."

"தமிழ்ல சொன்னாத்தான் அது பொய். ஜெர்மன்ல சொன்னா பயிற்சி."

அவள் யோசித்தாள். யோசித்ததற்காக அப்போதே கொஞ்சம் வெட்கப்பட்டாள். ஆனால் தலையை ஆட்டிவிட்டாள்.

"குழந்தை?" என்றார் இயக்குநர், இருமலுக்கு மருந்து கேட்கிற தொனியில்.

"ஒரு பொண்ணு சார். நாலாவது படிக்குது."

"அதுவும் வேண்டாம். படிப்பு கெடும்."

யார் படிப்பு என்று அவர் சொல்லவில்லை.

நிலையத்தின் விதிகள் அப்படி. வாசற்படியைத் தாண்டிவிட்டால் ஜெர்மனில்தான் பேசவேண்டும், தமிழ் வாடையே கூடாது. இயக்குநருக்கும், அவருக்குப் பதில் சொல்கிற அந்த நேரத்துக்கு மட்டும் மற்றவர்களுக்கும் விலக்கு உண்டு. புதிதாகச் சேருகிறவர்களுக்கு ஜெர்மன் தெரியாதாகையால் ஆரம்பத்தில் சில வாரங்கள் யாருமே வாயைத் திறப்பதில்லை. கழிப்பறை எங்கே என்று கேட்கத் தெரியாமல் ஒருவர் பஸ் பிடித்து வீட்டுக்குப் போய்விட்டு வந்தார். விசாரிக்க வருகிற பெற்றோரை இயக்குநர் வகுப்பு வாசலில் நிறுத்தி, "காதைக் கொடுத்துக் கேளுங்க. ஒரு சத்தம் வருதா? இதுதான் ஜெர்மன் ஒழுக்கம்" என்பார். அவர்கள் மூச்சைப் பிடித்துக் கேட்டுவிட்டு, பிள்ளையைச் சேர்த்துவிட்டுப் போவார்கள்.

பாடப் புத்தகத்தில் குடும்பம் பற்றி ஒரு பாடம் இருந்தது. அந்தப் பக்கங்களை நிலையமே ஸ்டேப்ளர் பின் அடித்து மூடிக் கொடுத்திருந்தது. அந்தப் பாடத்துக்குப் பதிலாக நடந்ததுதான் உறவுச் சீரமைப்பு வகுப்பு.

"மனுஷன்னா யாரு?" என்று ஆரம்பித்தார் இயக்குநர். எல்லாரும் ஜெர்மன் ஒழுக்கத்தோடு இருந்தார்கள். "சொல்றேன். மனுஷன்னா பேரு, ஊரு, மொழி, வேலை, பொழுதுபோக்கு. பரீட்சை வெக்கறவங்களுக்கு அவ்வளவுதான் தேவை. மிச்சமெல்லாம் கொழுப்பு. ஒரு அண்ணன் இருந்தா ஒரு கேள்வி. ஒரு கேள்வின்னா ஒரு பதில். ஒரு பதில்னா ஒரு தப்பு. ரெண்டு அண்ணன் இருக்கறவன் ஃபெயிலாகாம என்ன செய்வான்?"

இரண்டு அண்ணன் உள்ளவர்கள் தலை குனிந்தார்கள்.

மாமியாருக்கு ஜெர்மனில் சொல் நீளம் என்பதால் மாமியார்கள் ஒட்டுமொத்தமாக நீக்கப்பட்டார்கள். அதற்கு எதிர்ப்பே வரவில்லை. கடைசி வரிசையில் ஒரு பெண் கைகூடத் தட்டினாள்.

எலக்ட்ரீஷியன் ஒருவர் எழுந்தார். அவரும் வெளிநாட்டு வேலைக்காகப் படிக்கிறவர்.

"எனக்குக் கஷ்டமே இல்ல சார். ஏற்கனவே அப்பா இல்ல. போன வருஷம் தவறிட்டாரு."

"அதுதான் கஷ்டம்! அப்பா இல்லன்னா ஏன்னு கேப்பாங்க. தவறிட்டாருன்னா அது இறந்தகாலம். இறந்தகாலம் அடுத்த நிலைலதான் நடத்துவோம். இந்த நிலைல உங்க அப்பா உயிரோடதான் இருக்காரு."

"சார், நான்தான் கொள்ளி—"

"நிகழ்காலம்! அப்பா என்ன பண்றாரு?"

எலக்ட்ரீஷியன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாக, "ரேடியோ கேக்கறாரு சார்" என்றார்.

"அப்படி வாங்க வழிக்கு."

அன்றிலிருந்து எலக்ட்ரீஷியனின் அப்பா ஜெர்மனில் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். வகுப்பிலேயே திக்காமல் திணறாமல் ஒருவர் சொன்ன வாக்கியம் அது ஒன்றுதான். சொல்லும்போது எலக்ட்ரீஷியனின் முகம் அவ்வளவு தெளிவாக இருக்கும்.

பொழுதுபோக்கு எல்லாருக்கும் நீச்சல்.

"எனக்கு நீச்சல் தெரியாது சார்" என்றாள் நர்ஸ்.

"உங்களை யாரு நீந்தச் சொன்னா? சொல்லத்தானே சொன்னேன்?"

அந்த ஊரில் நீச்சல் குளம் கிடையாது.

வகுப்பு முடிவில் ஆளுக்கு ஒரு தாள் கொடுத்தார்கள். கேள்விகளும் விடைகளும் ஜெர்மன்தான், ஆனால் தமிழ் எழுத்தில். "வீட்டுல யாராவது தினமும் கேக்கணும்" என்றார் இயக்குநர். "அர்த்தம் தெரியாதவங்களா இருக்கறது உத்தமம். அர்த்தம் தெரிஞ்சா நடுவுல பேச ஆரம்பிச்சுடுவாங்க."

அர்த்தம் தெரியாதவர் வீட்டில் தயாராகத்தான் இருந்தார்.

கண்டக்டர் அந்த வேலையை ஏற்றுக்கொண்ட விதத்தைப் பார்க்கவேண்டும். மனைவி ஷிப்ட் முடிந்து வந்து முகம் கழுவுவதற்குள் நாற்காலி போட்டாகிவிடும். தாள் மடியில் இருக்கும், விசில் கழுத்தில் தொங்கும். அவருடைய குரல் முன் படிக்கட்டிலிருந்து பின் படிக்கட்டு வரை போய்ப் பழகிய குரல். கேள்விகளை அவர் நிறுத்தத்தின் பெயரைக் கூவுவதுபோலக் கூவினார்.

"ஸிண்ட் ஸீ ஃபெர்ஹைராடெட்?"

உங்களுக்குத் திருமணம் ஆகிவிட்டதா என்பது அதன் பொருள்.

"நைன்," என்றாள் அவள். "இஷ் பின் லேடிஷ்."

இல்லை, நான் மணமாகாதவள்.

தாளில் இருந்த விடையோடு கண்டக்டர் எழுத்தெழுத்தாக ஒத்துப் பார்த்தார். விசிலை இரண்டு முறை ஊதினார். இரண்டு ஊதினால் சரி, வண்டி போகலாம். ஒன்று ஊதினால் தப்பு, வண்டி நிற்கும்.

"விடை சரி. ஆனா ஏன் முனகறே? கடைசி சீட்டுக்காரனுக்குக் கேக்க வேண்டாமா? இன்னொரு தடவை. ஸிண்ட் ஸீ ஃபெர்ஹைராடெட்?"

"நைன்."

"சத்தமா!"

"நைன்!"

"அப்படி! அடிச்சுச் சொல்லணும். கேக்கறவங்களுக்குச் சந்தேகமே வரக் கூடாது."

மகள் தரையில் படுத்துப் படத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னங்க," என்றாள் நர்ஸ், "இதுக்கு அர்த்தம் என்னன்னா—"

"ஐயோ வேண்டாம்மா! உங்க சார் சொல்லியிருக்காருல்ல? என் வாயைப் பத்தி உனக்குத் தெரியாதா? அர்த்தம் தெரிஞ்சா நான் சும்மா இருப்பேனா? நீ முதல்ல பாஸ் பண்ணு. அப்புறம் சாவகாசமா சொல்லு. அடுத்தது. ஹாபன் ஸீ கிண்டர்?"

பிள்ளைகள் இருக்கிறார்களா?

"நைன்," என்றாள். "இஷ் ஹாபெ கைனெ கிண்டர்."

இரண்டு விசில்.

"அம்மா," என்றாள் தரையில் இருந்தவள். "கிண்டர்னா? நான் படிச்சேனே கிண்டர்கார்டன், அந்தக் கிண்டரா?"

நர்ஸ் மகளைப் பார்க்காமல் முந்தானையைச் சரிசெய்தாள். "அது... தோட்டம்" என்றாள். "தோட்டம் இருக்கான்னு கேக்கறாங்க."

"நமக்கு ஏது தோட்டம்?" என்றார் கண்டக்டர். "மாடிப்படி அடியில ஒரு தொட்டி வெச்சாலே வீட்டுக்காரர் சண்டைக்கு வர்றாரு. நைன் சரிதான்."

"அங்க போனா இருக்கும்லம்மா?"

"இருக்கும்" என்றாள். எழுந்து போய், கழுவி வைத்த பாத்திரத்தையே மறுபடி கழுவினாள்.

ஒரே ஒரு நாள் அவள் தடுமாறினாள். அன்று வார்டில் ஆள் பற்றாக்குறை, அலைந்து அலைந்து கால் வீங்கியிருந்தது. திருமணம் ஆகிவிட்டதா என்று கூவினார் கண்டக்டர். மூடியிருந்த கண்ணைத் திறந்தவள், எதிரே உட்கார்ந்து தாளோடு மல்லுக்கட்டுகிற மனிதரைப் பார்த்து வாய்தவறி "யா" என்றுவிட்டாள். ஆமாம்.

நீளமாக ஒற்றை விசில். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்து மூடியது.

"என்ன ஆச்சு உனக்கு? யாவா? இத்தனை நாளா தலைகீழாச் சொன்னியே! இதுல கோட்டை விட்டா மூணு பேர் கனவும் போச்சு. எங்க, என்னைப் பாத்து சொல்லு. நைன்."

அவரைப் பார்த்தே சொன்னாள்.

தேர்வு வேறொரு கட்டடத்தில். தேர்வு வாரியத்தின் அதிகாரி அம்மாள் ஒருவர் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தார். இந்தப் பக்கம் நிலையத்து மாணவர்கள் வரிசையாக. ஒருவர் பின் ஒருவராகத் தங்களை அறிமுகம் செய்துகொண்டார்கள். முதல் ஆளுக்கு யாரும் இல்லை, நீச்சல் உண்டு. அடுத்தவருக்கும் யாரும் இல்லை, நீச்சல் உண்டு. எலக்ட்ரீஷியனுக்கு ரேடியோ கேட்கிற ஒரு அப்பா மட்டும் இருந்தார். அதிகாரி அம்மாளுக்கு அதுவே ஆறுதலாக இருந்தது போலும், அவரைப் பார்த்துச் சிரித்தார்.

நர்ஸின் முறை வந்தது. கணீரென்று எல்லாம் சொன்னாள். அதிகாரி அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். தாளில் இல்லாத கேள்வி ஒன்றை, குழந்தையிடம் கேட்பதுபோல நிறுத்தி நிறுத்தி, ஜெர்மனில் கேட்டார்: அப்படியென்றால், நீங்கள் தனியாகவா இருக்கிறீர்கள்?

பின் அடித்த பக்கங்களை நர்ஸ் எப்போதோ பிரித்துப் படித்துவிட்டிருந்தாள். கணவன் என்பதற்கு ஜெர்மன் சொல் அவளுக்குத் தெரியும். மகள் என்பதற்கும் தெரியும். இரண்டும் சின்னச் சொற்கள்தான். கீழே மரத்தடியில் அவர்கள் இரண்டு பேரும் தண்ணீர் பாட்டிலோடு நின்றுகொண்டிருந்தார்கள். ஜன்னல் வழியாகத் தெரிந்தது.

"யா" என்றாள். துளிச் சந்தேகம் வராதபடி அடித்துச் சொன்னாள்.

முதல் வகுப்பில் தேர்ச்சி.

நிலையம் முழுத் தேர்ச்சி பெற்றதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை விழா எடுத்தார்கள். குடும்பத்தோடு வரவும் என்று அழைப்பில் இருந்தது. அழைப்பு அச்சுக்குப் போனபிறகுதான், தேர்வு வாரியம் நிலையத்துக்கு ஒரு கேடயம் தரப்போகிற செய்தி இயக்குநருக்கு வந்தது. அதனால் அரங்கம் நிறையப் பெண்டாட்டி பிள்ளைகளும், அண்ணன் தம்பிகளும், நீக்கப்பட்ட மாமியார்களும் உட்கார்ந்திருக்க, மேடையில் திரைச்சீலை விலகியது. கேடயத்தில் பொறித்திருந்தது: ஆதரவற்றோர்க்கான மொழிப்பணி.

அதே அதிகாரி அம்மாள்தான் தலைமை விருந்தினர். மைக்கைப் பிடித்துத் தமிழில் பேசினார்.

"நான் பல ஊர்ல தேர்வு நடத்தியிருக்கேன். எங்கயும் இப்படிப் பாத்ததில்ல. இந்த நிலையத்து மாணவர்கள் யாருக்குமே சொந்தம்னு சொல்லிக்க ஒருத்தர் இல்ல. ஆனா நீச்சல்ல எவ்வளவு ஆர்வம்! துக்கத்தை நீந்திக் கடக்கறாங்கன்னுதான் நான் எடுத்துக்கறேன். அன்னிக்கு வீட்டுக்குப் போய் நான் சாப்பிடவே இல்ல."

அரங்கம் உருகிக் கைதட்டியது. எல்லாரும் மற்றவர்களுக்காக உருகினார்கள்.

கண்டக்டர் மனைவியின் பக்கம் சாய்ந்தார். "உன்கூடப் படிச்சவங்க எல்லாருமா அநாதைங்க? ஒரு வார்த்தை சொல்லலையே நீ! ஒரு நாள் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்து சாப்பாடு போட்டிருக்கலாமேம்மா."

அவள் அழைப்பிதழை மடித்து மடித்துச் சின்னதாக்கினாள்.

இயக்குநர் ஏற்புரை வழங்கினார். "யாருமில்லாதவங்களா இவங்க எங்ககிட்ட வரலை. நாங்கதான் இவங்களை அப்படி ஆக்கி... ஆளாக்கி, ஆளாக்கி விட்டோம். சொந்தபந்தம் இருக்கறவன் யார் வேணும்னாலும் பாஸ் பண்ணலாம். இல்லாதவனைப் பாஸ் பண்ண வெக்கறதுதான் சேவை. அடுத்த நிலைக்கு இன்னிக்கே சேந்துக்கலாம். அதுல இறந்தகாலம் முழுசா நடத்தறோம்."

எலக்ட்ரீஷியன் நாற்காலியை விட்டு எழுந்து வெளியே போனார்.

மேடையிலிருந்து இறங்கிய அதிகாரி அம்மாள் கூட்டத்தைப் பார்த்துத் திகைத்தார். "இவங்கல்லாம் யாரு?"

"நலம் விரும்பிகள் மேடம்" என்றார் இயக்குநர். "அவங்க அவங்க செலவுல வந்திருக்காங்க."

"இந்தக் குழந்தைங்க?"

"சின்ன நலம் விரும்பிகள்."

அம்மாள் நெகிழ்ந்துபோய் ஒவ்வொருவராகக் கை குலுக்கிக்கொண்டே முன் வரிசைக்கு வந்தார். கண்டக்டர் எழுந்தார். சட்டையைச் சரிசெய்தார். இவ்வளவு படித்த அம்மாளிடம் வெறும் வணக்கம் சொல்லி நிறுத்த அவருக்கு மனம் வரவில்லை. மனைவி அவருடைய சட்டை முனையைப் பிடித்து இழுத்தாள். அதற்குள் குரல் கிளம்பிவிட்டது.

"ஸிண்ட் ஸீ ஃபெர்ஹைராடெட்?"

அரங்கம் திரும்பிப் பார்த்தது. அதிகாரி அம்மாள் ஒரு கணம் விழித்துவிட்டுச் சிரித்துவிட்டார்.

"ஆயிடுச்சுங்க! கல்யாணம் ஆகி எத்தனையோ வருஷம் ஆச்சு. என்ன ஐயா, நேரா இதைக் கேட்டுட்டீங்க?"

கண்டக்டரின் சிரிப்பு அப்படியே இருந்தது. கண் மட்டும் மெல்ல ஏதோ கணக்கைக் கூட்டிக்கொண்டிருந்தது. ஆனாலும் வழக்கம் வழக்கம்தானே, அடுத்த கேள்வி தானாக வந்தது. இந்தத் தடவை குரல் பின் படிக்கட்டு வரை போகவில்லை.

"ஹாபன் ஸீ கிண்டர்?"

"ரெண்டு குழந்தைங்க. ஒரு பையன், ஒரு பொண்ணு. உங்களுக்கு?"

கண்டக்டர் பதில் சொல்லவில்லை. கேள்விகள்தானே அவர் படித்திருந்தார்.

"நலம் விரும்பியே ஜெர்மன் பேசறாரு, பாத்தீங்களா மேடம்!" என்று கைதட்டினார் இயக்குநர். எல்லாரும் தட்டினார்கள். மகள் மட்டும் தட்டவில்லை. அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாசலில் அடுத்த நிலைக்கான தாளை ஆளுக்கு ஒன்று கொடுத்தார்கள். நர்ஸ் நீட்டிய கையைத் தாண்டி கண்டக்டரே அதை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

பஸ்ஸில் இடம் இருந்தும் அவர் நின்றுகொண்டே வந்தார். வீட்டுக்கு வந்ததும் மகள் செருப்பைக்கூடக் கழற்றாமல் பக்கத்து வீட்டுக்கு விளையாடப் போய்விட்டாள். நர்ஸ் சுவரோரமாக நின்றாள்.

"சார்தான் சொன்னாரு. சும்மா கொஞ்ச நேரம்தானேன்னு..."

அவர் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார்.

"உங்ககிட்ட சொல்லலாம்னுதான் அன்னிக்கு ஆரம்பிச்சேன். நீங்கதான் வேண்டாம்னீங்க."

சொல்லி முடித்த அந்த நொடியே அந்தச் சொல்லுக்காகவும் கூசினாள்.

"சாப்பிட எடுத்து வெக்கட்டுமா?"

கண்டக்டர் நாற்காலியை இழுத்து வழக்கமான இடத்தில் போட்டார். உட்கார்ந்தார். பையிலிருந்து புதுத் தாளை எடுத்து மடிப்பை நீவினார். முதல் கேள்வியை உதடு அசையாமல் படித்துப் பார்த்தார். கேள்விகள் இந்தத் தடவை நிறைய இருந்தன. நிமிராமலே, கோபமில்லாத குரலில் சொன்னார்:

"இதுல எதை எதை அர்த்தம் தெரியாம கேக்கணும்னு இப்பவே சொல்லிடும்மா."